ஞானசிகாமணியின் முழங்கால் சுகப்பட்ட வரலாறு

நேமத்துக்குத் தெற்கே, பெரிய ரோட்டிலிருந்து இறங்கிப் போகும் மண்பாதையின் முடிவில் இருக்கும் அந்தத் தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் உலக சமாதானத்துக்காக ஜெபம் செய்வார்கள். அதற்கு அடுத்தபடி மழைக்காக. அதற்கும் அடுத்தபடி ஞானசிகாமணியின் வலது முழங்காலுக்காக. போன ஓணம் கழிந்த வாரத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. அதற்குப் பிறகு உலக சமாதானம் வந்தபாடில்லை. மழையும் தன் இஷ்டத்துக்குத்தான் பெய்தது. முழங்கால் மட்டும் சுகமாகிவிட்டது. சபையில் அதைத் தெரிந்தவர் அந்த முழங்காலுக்கு உடையவர் ஒருவர்தான். அவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தானும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிகாமணிக்குத் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஆணி, கதவுக்கீல், கயிறு விற்கிற கடை. முழங்காலுக்கு அங்கேயும் பேர் பரவியிருந்தது. காட்டாக்கடையிலிருந்து சரக்கெடுக்க வருகிற ஒருவர், முழங்காலை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் ஒரு கிலோ ஆணி வாங்கமாட்டார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் மிளகாய் வற்றலை வெயிலில் பரப்புவதற்கு முன், "அண்ணே, முட்டு என்ன சொல்லுது, மழ உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாக்கைப் பிரிப்பார். சிகாமணியும் முழங்காலைத் தடவி, கண்ணை மூடி, "மூணு மணிக்கு மேல" என்பார். பெரும்பாலும் பெய்துவிடும். அது முழங்காலின் சாமர்த்தியம் இல்லை, திருவனந்தபுரத்தின் குணம்.

ஊரார் அறிந்த கதை இப்படி. போன ஓணத்தன்று சபைக்குக் கீழே உள்ள மைதானத்தில் கயிறு இழுக்கும் வடம்வலிப் போட்டியின் கடைசிச் சுற்று. கயிற்றின் ஒரு பக்கம் வெள்ளாயணிக் காயல்கரையிலிருந்து வந்த ஏழு பேர். மறுபக்கம் சபை வாலிபர் சங்கத்தின் ஏழு பேர். சிகாமணிக்கு நாற்பத்தேழு வயதாயிற்றே, அவர் எப்படி வாலிபர் என்று கேட்கக்கூடாது. கடைசியில் நிற்கக் கனமான ஆள் கிடைக்காதபோது சபை வயதைப் பார்ப்பதில்லை. காயல்கரைக்காரர்களோ லேசுப்பட்டவர்கள் இல்லை. பழகுவதற்காக அவர்கள் ஒரு தென்னையில் கயிற்றைக் கட்டி இழுத்ததில், அந்தத் தென்னை இப்போது பக்கத்து நிலத்தில் நின்று காய்க்கிறது, தேங்காய் யாருக்கு என்று வழக்கு நடக்கிறது.

விசில் ஊதியதும் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. சாய்ந்தவர்கள் சாய்ந்தபடி, குதிகால் மண்ணில் புதைந்தபடி, அப்படியே நின்றார்கள். செண்டைக்காரர்கள் கொட்டக் கொட்டக் கை ஓய்ந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு காக்கை வந்து நடுக்கயிற்றில் உட்கார்ந்து, அலகை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு பறந்துபோயிற்று. அப்போதுதான் 'டப்' என்று ஒரு சத்தம். கடைசியில் நின்ற சிகாமணியின் முழங்கால் முறிந்த சத்தம் அது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்று நினைத்து யாரோ மின்சார ஆபீசுக்குப் போன் செய்தார்களாம். கால் முறிந்த பிறகும் அவர் கயிற்றை விடவில்லை, கயிறுதான் அவர் கையை விட்டுப் போயிற்று என்றும் சொல்லுவார்கள். பரிசாக வைத்திருந்த ஏத்தன் வாழைக்குலை காயல்கரைக்குப் போயிற்று.

இதில் காக்கை வந்தது உண்மை. மற்றது அப்படி நடக்கவில்லை.

கடைசி ஆள் கயிற்றைக் கக்கத்தின் வழியாக முதுகில் சுற்றித் தோளின் மேல் போட்டுக்கொண்டு மல்லாக்கச் சாய்ந்திருப்பான். அவன் கண்ணுக்கு வானம் மட்டும்தான் தெரியும். சிகாமணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வலித்தது. தோளில் கயிறு அறுத்தது. எதிரில் இருப்பவர்கள் இன்றைக்கு நிறுத்துகிற உத்தேசத்தில் இல்லை என்று பட்டது. விட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று ஓர் எண்ணம் வந்தது. எண்ணம் வருவதற்குள் கை தானாகத் திறந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் எண்ணம்தான் முதலில் வந்தது. அவர் அதைக் கேட்டார். நியாயம்தான் என்று அதனிடம் சொன்னார். பிறகுதான் தோளைச் சரித்துக் கையைத் திறந்தார்.

முன்னால் நின்ற ஆறு பேரும் சேற்றில் குப்புற விழுந்து, இழுபட்டு, எழுந்து, ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு முகம். ஆறிலும் ஒரே கேள்வி. சிகாமணி அப்படியே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினார். ஏன் வலது முழங்கால் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அது கைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆறாவது இடத்தில், அவருக்கு நேர் முன்னால் நின்றவன் சத்தியதாஸ். வீடுகளுக்குத் தரையில் ஓடு பதிக்கிறவன், கல் சுமந்து பழகிய தோள். அவன்தான் ஓடிவந்து, சிகாமணியை அரிசி மூட்டை போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் கருங்கல் படிகளில் ஓடினான். நடுப்படியில் சிகாமணி கீழே விழுந்தார். வலது முழங்கால் படியின் விளிம்பில் அடித்தது. அப்போது அவர் இரண்டாம் முறை அலறினார். முதல் அலறலுக்கும் இரண்டாவதற்கும் இருந்த வித்தியாசம் யார் காதிலும் படவில்லை. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்து, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார்கள். பொய் சொன்ன காலுக்கு மெய்யாகவே கட்டுப் போட்டாயிற்று.

அன்றிலிருந்து காலையில் சிகாமணியை வீட்டிலிருந்து சாலைக்குக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதும் சத்தியதாஸின் ஸ்கூட்டர்தான். சனிக்கிழமை ஆனால் ஆட்டுக்கால் சூப்பு வேறு, பிளாஸ்கில். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. படியில் கால் தடுக்கியதற்காக ஒரு மனிதன் இப்படி உருகுகிறானே என்று சிகாமணிக்கு ஒவ்வொரு வாய் சூப்பும் தொண்டையில் நிற்கும். நின்றுவிட்டுத்தான் இறங்கும். சூப்பு நன்றாகவும் இருக்கும்.

கால் சுகமானது மாம்பழக் காலத்துக்கு முன்னால். சிகாமணியின் மனைவி எலிசாள், கால் சுகமானால் ஓர் ஆட்டைச் சபைக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணி, குட்டியாக வாங்கி வளர்த்து வந்தாள். அந்த ஆடு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு மதிலைத் தாண்டிப் பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போயிற்று. சிகாமணி துரத்திக்கொண்டு ஓடி, ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து நிமிர்ந்த பிறகு பார்த்தார். அவரும் ஆடும் மதிலுக்கு அந்தப் பக்கம். ஊன்றுகோல் இந்தப் பக்கம்.

ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அது முடிவதற்குள், யாராவது பார்த்திருப்பார்களோ என்று பயம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். ஆட்டை மதிலுக்கு மேல் தூக்கிப் போட்டு, தானும் ஏறிக் குதித்து, கோலை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

"என்ன, வலி காலு மாறிப்போச்சா?" என்று எலிசாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

குனிந்து பார்த்தார். இடது காலை நொண்டிக்கொண்டிருந்தார். "இதுலயும் கொஞ்சம் உண்டு" என்றார்.

சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கலாம். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் பேர் சொல்லிச் சுகம் கிடைத்தவர், பீடத்துக்கு முன்னால் வந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். என்ன நோய், எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்று ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். போனதைச் சொல்வதில் சிகாமணிக்குச் சங்கடமில்லை. எப்படி வந்தது என்ற இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடையில் பொய் சொல்லலாம், சாலையில் அதற்கு ஆட்சேபம் இல்லை. பீடத்துக்கு முன்னால் நின்று, தன் கட்டுக்கதைக்குக் கடவுளையும் கூட்டாளியாகச் சேர்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஆகவே சுகமாகாமல் இருப்பது என்று முடிவு செய்தார்.

அந்த முடிவு ஆடி கழியும்வரை தாங்கிற்று. அப்புறம் வாலிபர் சங்கத் தலைவன் பிரபின் கடைக்கு வந்தான்.

"அண்ணே, வடம்வலிக்குப் பேரு குடுக்கணும். ஆளு ஆறுதான் இருக்கு."

"எனக்க முட்டு இப்பிடி இருக்கும்போ..."

"கடைசில நிக்க அண்ணன விட்டா வேற யாரு? முட்டு முறிஞ்சும் கயித்த விடாத்த ஆளு அல்லே நீங்க? எல்லா வீட்லயும் பிள்ளையளுக்கு ஒங்களத்தான் சொல்லிக் குடுக்கோம்."

"சத்தியதாச நிறுத்து."

"அவன் வரமாட்டேங்கான். அண்ணன் எறங்காம நான் கயித்தத் தொடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். நீங்க வரல்லன்னா அவனும் இல்ல. பின்ன அஞ்சு பேரு கயித்தப் பிடிச்சிட்டு போட்டோ எடுக்கலாம், அதாக்கும் நடக்கும். காலு காட்டுத எடத்துல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க."

பிசியோதெரபி செய்கிற ஷைலஜாவிடம் சிகாமணி போனது, கூடாது என்று ஒரு வார்த்தை வாங்கி வரத்தான். அவள் முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், அதன்மேல் தன் பலத்தையெல்லாம் போட்டு அழுத்திப் பார்த்தாள்.

"சேட்டா, ஒரு குழப்பமும் இல்ல. நல்ல முட்டு."

"வடம்வலிக்கு இனி ஒருகாலும் போகக்கூடாதுன்னு சொல்லுவீங்களா?"

"எதுக்கு? இத வெச்சு நீங்க லாரி இழுக்கலாம்."

"வயசாச்சு..."

"வயசு மொகத்திலதான் இருக்கு. முட்டில இல்ல." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க வர்றவங்க எல்லாரும் விளையாட விடுங்கன்னு அழுது கரையுவாங்க. விளையாட வேண்டாம்னு சொல்லச் சொல்லிக் கரைஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். எழுந்திரிங்க. எடது கால மடக்கிக்கோங்க. வலது கால்ல நொண்டியடிச்சு வராந்தா கடைசிவரை போயிட்டு வாங்க."

கோலை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் சிகாமணி நொண்டியடித்தார். பாதி வராந்தாவில் எதிரே ஒரு பெஞ்சில் தோள்வலிக்கு வைத்தியம் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர் தங்கபாய் அம்மா. சபையில் ஞாயிறுதோறும் முழங்காலுக்கு ஜெபம் ஏறெடுப்பவர் அவர்தான். அவர் ஜெபிக்கும்போது மைக் வைப்பது சத்தம் கேட்பதற்காக அல்ல, மைக்குக்கும் ஒரு மரியாதை வேண்டுமே என்பதற்காக. வராந்தாவில் தவளை போலத் துள்ளி வருகிற ஞானசிகாமணியைக் கண்டதும் அவர், "ஸ்தோத்திரம்!" என்று எழுந்தார். வலித்த தோளோடு இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஷைலஜா ஓடிவந்து, "அம்மச்சி, இந்தக் கை இவ்வளவு மேல போகுமா?" என்று அதிசயப்பட்டாள்.

சிகாமணி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார். சேதி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எலிசாள் ஆட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாற ஞாயிறு சாட்சி. போதகர் ஐயர்ட்ட சொல்லியாச்சு" என்றாள். அப்புறம் ஆட்டின் முதுகைத் தேய்த்தபடியே, "எப்பம் சுகமாச்சு?" என்று கேட்டாள்.

"இப்பந்தான். வராந்தால."

எலிசாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை முழுதாக ஆட்டின் தலையில் கொட்டினாள். அவள் பேசியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை சாயங்காலம் சாலையிலிருந்து திரும்பும்போது, கரமனைப் பாலம் தாண்டியதும் சிகாமணி சத்தியதாஸின் தோளைத் தட்டினார்.

"தாஸே, வண்டிய ஓரங்கட்டு."

"முட்டு வலிக்கா அண்ணே?"

"எறங்கு, சொல்லுதேன்."

ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. சத்தியதாஸ் பழக்கதோஷத்தில் பிளாஸ்கைத் திறந்து மூடியில் சூப்பை ஊற்றி நீட்டினான். சிகாமணி வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. ஆற்றைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், கடைசியில் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்க முட்டு சுகமாயி மாசக் கணக்காச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"வண்டிலேருந்து நீங்க எறங்கும்போ கோலு பொறவாக்கும் எறங்குது."

சிகாமணி சூப்பை ஒரு வாய் குடித்தார். தைரியத்துக்கு.

"அது மட்டும் இல்ல. போன ஓணத்துல... முட்டுக்கு ஒண்ணும் ஆவல்ல. நான் கயித்த விட்டேன்."

"அதும் தெரியும்."

"எப்பிடிடே?"

"எனக்க முதுகுக்குப் பின்னால அல்லே நின்னிய? பின்னால ஆளு பிடிச்சிருந்தா கயிறு கம்பி மாதிரி இருக்கும். அது சட்டுன்னு செத்த பாம்பாட்டு ஆச்சு. முட்டு முறிஞ்ச ஆளு முதல்ல கத்துவான், பொறவு கயித்த விடுவான். நீங்க முதல்ல விட்டிய. பொறவு உக்காந்திய. முட்டத் தேடிப் பிடிச்சிய. பொறவாக்கும் கத்தினது."

சிகாமணிக்குக் காது இரண்டும் எரிந்தன. ஒரு வருஷம் இவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டியில் போயிருக்கிறார். ஒவ்வொரு குழியிலும் "அய்யோ" சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் தெரிஞ்சிட்டா டே எனக்குச் சூப்பு கொண்டாந்தே? ஒருத்தர்ட்டயும் சொல்லலியா?"

"எப்பிடிச் சொல்லுவேன்? பின்ன படியில என்ன நடந்துதுன்னு கேப்பாங்களே."

"படியில நீ தடுக்கி விழுந்தே."

"நான் விழல்ல அண்ணே." சத்தியதாஸ் பிளாஸ்கின் மூடியைத் திருகினான், திறந்தான், மறுபடி திருகினான். "நீங்கதான் விழுந்தது. நான் நின்னுட்டுத்தான் இருந்தேன்."

டீக்கடைக்காரன் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். யாரும் கேட்டிருக்கவில்லை.

"போட்டேன்" என்றான் சத்தியதாஸ். "எனக்க உள்ளங்கை தோலு உரிஞ்சு ரெத்தமாக் கெடந்துது. குலையும் போச்சு. அதுக்க மேல நீங்க எனக்க தோள்ல கெடந்து காதுக்குள்ள அய்யோ முட்டு, அய்யோ முட்டுன்னு. இந்தக் கள்ளக் கரச்சிலையும் நானா சுமக்கணும்னு தோணிச்சு. போட்டுட்டேன். மெல்லப் போடணும்னாக்கும் நெனச்சது. நீங்க கனம் கூடுதல்."

இது கோபப்பட வேண்டிய இடம் என்று சிகாமணிக்குத் தெரிந்தது. கோபப்பட முயன்றும் பார்த்தார். உள்ளே எங்கே தேடினாலும் கோபம் அகப்படவில்லை. கட்டு, மாத்திரை, ஆஸ்பத்திரி, கக்கூசுக்கு எலிசாளின் தோளைப் பிடித்துக்கொண்டு போன நாட்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் வந்து, திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நாளைக்கு நான் சாட்சி சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"உள்ளதச் சொன்னா, பின்ன முட்டு எப்பிடிப் போச்சுன்னு தங்கபாய் அம்மா கேப்பா."

"கேப்பா." சத்தியதாஸ் ரோட்டைப் பார்த்தான். "எனக்க ரெண்டு பொம்பளப் பிள்ளையளும் பாட்டுக் குழுல முன் வரிசையிலயாக்கும் நிக்கும்." அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. இருவரும் கேட்காத டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். வழி நெடுகக் குழி. சிகாமணி ஒருமுறைகூட "அய்யோ" சொல்லவில்லை.

மறுநாள் ஆட்டைச் சபைக்கு வெளியே பலாமரத்தில் கட்டியிருந்தார்கள். போதகர் வேதமாணிக்கம் பேர் சொல்லி அழைத்ததும் சிகாமணி கோல் இல்லாமல் எழுந்து நடந்தார். நடையைப் பார்த்தே பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பீடத்தின் முன் நின்று அவர் பாட்டுக் குழுவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"எனக்க முட்டு சுகமாச்சு" என்றார். அல்லேலூயா எழுந்து அடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "இப்ப இல்ல. மாம்பழம் வரதுக்கு முன்னாலயே ஆச்சு. நான் ஒளிச்சு வெச்சேன். பின்ன... போன ஓணத்துல முட்டு முறிஞ்சதுனால இல்ல நான் கயித்த விட்டது. கை வலிச்சுது. மதி, போதும்னு தோணிச்சு. விட்டேன்."

 பிறகு பின்வரிசையில் யாரோ நெகிழ்ந்துபோய், "என்ன ஒரு தாழ்மை!" என்றார்கள். போதகரும் தலையை மெல்ல ஆட்டி, "தாழ்மையுள்ளவர்களுக்கு அவர் கிருபை அளிக்கிறார்" என்றார். சபையே உருகிற்று. சிகாமணி பதறிப்போனார். வாழ்நாளில் அவர் சொன்ன பொய் ஒன்றையாவது இந்தச் சபை நம்பாமல் போனதில்லை. இப்போதுதான் முதல்முறையாக இந்தக் கஷ்டம்.

"தாழ்ம இல்ல ஐயரே! நெசமாட்டு விட்டேன். யோசிச்சு விட்டேன். ஆறு பேரு சேத்துல இழுபட்டது என்னாலயாக்கும். முட்டப் பிடிச்சிட்டுக் கத்தினது கள்ளம்."

பிரபின் எழுந்துவிட்டான். "யோசிச்சா விட்டிய?"

"யோசிச்சுத்தான்."

அவன் அப்படியே உட்கார்ந்தான். இப்போது நம்பிவிட்டார்கள். அது சபை முழுவதும் பரவியது கண்ணுக்குத் தெரிந்தது, விசிறி ஓடிக்கொண்டிருந்தும் புழுங்குவது போல. தங்கபாய் அம்மா மைக் இல்லாமல் கேட்டார்.

"அப்பம் அந்தக் கட்டு? ஆஸ்பத்திரி? ஒரு வருஷமாட்டு நாங்க ஜெபிச்ச முட்டு?"

"அது உள்ளதாக்கும் அம்மா. பொறவு முறிஞ்சுது. விழுந்தேன்."

"எப்பிடி விழுந்திய?"

பாட்டுக் குழுவின் முன்வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்டி நின்றன. ஆண்கள் பக்கத்தில், நான்காம் பெஞ்சில், ஒரு குனிந்த பிடரி. சிகாமணி மேலே விசிறியைப் பார்த்தார்.

"விழுந்தேன் அம்மா. விழவேண்டிய ஆளுதான் விழுந்தது."

குனிந்த பிடரி நிமிரவில்லை.

வீட்டில் எலிசாள் சோற்றைப் போட்டாள். மீன்குழம்பை ஊற்றாமல் சட்டியை மூடினாள். "வாராவாரம் நான் எழுந்து நின்னு ஒங்க முட்டுக்காக ஜெபிக்கச் சொல்லி வாய் திறந்து கேட்டேன். எனக்க வாய இனி எங்க கொண்டுவைக்க?" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆடு முட்டுக்கு நேர்ந்தது, குடுத்தாச்சு. ஒங்களுக்குன்னு நான் ஒண்ணும் நேர்ந்துக்கல்ல" என்றாள். சிகாமணி வெறும் சோற்றைத் தின்றார். அது நியாயமாக இருந்தது.

அந்த வாரம் கடைக்குப் பிரபின் வரவில்லை. யாருமே வரவில்லை, ஆணி வாங்குகிறவர்களைத் தவிர. சத்தியதாஸின் ஸ்கூட்டரும் வரவில்லை. சிகாமணி பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். இதுவரை எதைச் சொல்லி வடம்வலியிலிருந்து தப்பிக்கலாம் என்று தேடியவருக்கு, இப்போது தப்பிக்க எதுவுமே இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் மைதானத்திலிருந்து விசில் கேட்கும். அதைத் தொடர்ந்து, "ஏஏ... ஹோய்!" அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அவர் உள்ளங்கை தானாக மடங்கும். இனிமேல் போவதென்றால் கடைசியில் நிற்கும் வீரனாகப் போக முடியாது, கயிற்றை விட்டவனாகத்தான் போக வேண்டும். போகாமல் இருந்தாலும் கயிற்றை விட்டவன்தான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். தெருவில் எல்லாரும் நொண்டாத காலையே பார்த்தார்கள்.

மைதானத்து மாமரக் கிளையில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு நுனியில் மணல் சாக்குகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மறுநுனியைப் பிடித்து இழுத்துச் சாக்குகளை மேலே தூக்கி, அந்தரத்தில் தாங்கி நிற்பதுதான் பயிற்சி. ஆறு பேர் நின்றார்கள். கடைசியில், கயிற்றைத் தோளில் சுற்றியபடி, சத்தியதாஸ். அவன் எப்படியோ வந்து சேர்ந்திருந்தான்.

"காணவா வந்திய அண்ணே?" என்றான் பிரபின்.

"எங்கயாவது ஒரு எடத்துல நிறுத்து. கடைசில வேண்டாம்."

"இன்னைக்கு எங்க வலி? இடுப்பிலயா?" என்று நடுவிலிருந்து ஒருவன் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். சிகாமணி நின்ற இடத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பைக்கூட வரவழைக்கவில்லை.

"முன்னால நில்லுங்க" என்றான் பிரபின். "ஆறு பேரும் ஒங்க கையப் பாத்துட்டே இழுக்கோம்."

"வேண்டாம்" என்று கடைசியிலிருந்து குரல் வந்தது. சத்தியதாஸ் யாரையும் பார்க்காமல் சொன்னான். "எனக்க முன்னால விடு."

சிகாமணி போய் ஆறாவது இடத்தில் கயிற்றைப் பிடித்தார். விசில். ஏழு பேரும் சாய்ந்தார்கள். சாக்குகள் தரையை விட்டுக் கிளம்பி, ஆடி, ஆள் உயரத்துக்கு ஏறி நின்றன. கயிறு கம்பியாக முறுகிற்று. பின்னால் சத்தியதாஸின் மூச்சு சிகாமணியின் பிடரியில் அனலாக அடித்தது. அந்த மூச்சு ஒருமுறை நின்றது. அப்புறம் மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்.

"படியில அண்ணன் விழல்ல. நானாக்கும் போட்டது. வேணும்னு போட்டேன்."

கயிறு நடுங்கிற்று. முன்னால் இருந்த ஐந்து தலைகளும் திரும்ப முயன்றன, முடியவில்லை. மேலே சாக்குகள் ஆடின.

"எடே பாவி!" என்று முன்னாலிருந்து ஒரு குரல் முக்கிற்று.

"ஒருத்தனும் விடாதே!" என்று பிரபின் பல்லைக் கடித்தபடி கத்தினான். "விட்டா சாக்கு கீழ வந்திரும். பிடி! பொறவு பேசலாம்!"

பிடித்தார்கள். சிகாமணியின் கை வலித்தது. தோள் எரிந்தது. சாக்குகளை இறக்கிவிட்டால் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். அதனால் இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. வேதமாணிக்கம் போதகர் மாலை மணியை அடித்துவிட்டுப் படியில் இறங்கி வந்து பார்த்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மணல் சாக்குகள் அந்தரத்தில் நின்றன. ஏழு பேர் வாய் திறக்காமல் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தார்கள்.